1,2 எம்ஆர்டி என்றால் எத்தனை கோடி? முதலாளியிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன்

வாடிப்பட்டி கணக்கன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மஞ்சி (தேங்காய் நார்) மில்லில் கணக்கு எழுதுகிறேன். தேங்காய் மட்டையில் மஞ்சியை எடுத்தபிறகு மிஞ்சும் தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தித் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அனுப்புகிறோம். வெளிநாட்டில் அதில் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கிறார்கள். மண்ணே இல்லாமல். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் நம்பியிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஜெர்மனியில் இருந்து ஒரு புதுக் கம்பெனி விலை கேட்டு மெயில் போட்டது. மெயில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கூடவே தங்களைப் பற்றி நாலு பக்கம் ஜெர்மன் மொழியில் இணைத்திருந்தார்கள். அதில் வருட விற்பனை "1,2 எம்ஆர்டி யூரோ" என்று இருந்தது. எம் என்று ஆரம்பிக்கிறதே, மில்லியனாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கமா ஏன் நிற்கிறது என்று ஒரு நிமிடம் உறுத்தியது. புள்ளிக்குப் பதில் விழுந்த அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். ஆக 12 லட்சம் யூரோ. யூரோ 90 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் பதினொரு கோடிக்குக் கொஞ்சம் கீழே.

முதலாளி, "ஆளு எப்படிப்பா, பெரிய கையா?" என்று கேட்டார். "அப்படி ஒன்றும் இல்லை முதலாளி, நம்மளவுதான்" என்றேன். "அப்போ கடனுக்கு வேண்டாம். முழுப் பணமும் வந்தபிறகு கண்டெய்னர் கிளம்பட்டும்" என்றார். நானும் அதையே பணிவாக எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

நேற்று என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலைக்காக ஜெர்மன் மொழி படிக்கிறவன். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மாமா, இது மில்லியன் இல்ல, மில்லியார்டே" என்றான். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் பில்லியன் என்று வருகிறது. சரி, 100 கோடி என்று நினைத்துக்கொண்டு இருக்கும்போதே, இன்னொரு பக்கத்தில் "ஜெர்மனியில் பில்லியன் என்றால் லட்சம் கோடி" என்று போட்டிருக்கிறது. இப்போது என் கையில் மூன்று விடைகள்: 12 லட்சம், 120 கோடி, 1,20,000 கோடி. எதைச் சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்குவது?

இது முதல் கேள்வி. இன்னும் இரண்டு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. அவள் புத்தகத்தில் ஒரே எண்ணை இரண்டு விதமாகக் கமா போட்டு எழுதச் சொல்கிறார்கள். 12,34,56,789 என்று ஒன்று, 123,456,789 என்று இன்னொன்று. "எது சரிப்பா?" என்கிறாள். இரண்டும் சரி என்றால் முகத்தைச் சுளிக்கிறாள்.

அப்புறம், கோடிக்கு மேலே தமிழில் பெயரே கிடையாதா? என் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. கற்பம், நிகற்பம், பதுமம், சங்கம் என்று போய் மகாயுகத்தில் முடிகிறது. அதை நம்பலாமா?


அண்ணாநகர் ஆடிட்டர் ஆபீஸ்

கணக்கன் அண்ணே, 120 கோடி யூரோ. சந்தேகமே வேண்டாம்.

ஜெர்மன்காரர்கள் மில்லியனை எம்ஐஓ என்றும், மில்லியார்டேவை எம்ஆர்டி என்றும் சுருக்குவார்கள். மில்லியார்டே ஆயிரம் மில்லியன், அதாவது 100 கோடி. உங்கள் போன் பில்லியன் என்று காட்டியதும் சரிதான், ஏனென்றால் அது ஆங்கில பில்லியன். ஜெர்மன் தாளிலேயே பில்லியன் என்று எழுதியிருந்தால் மட்டும்தான் லட்சம் கோடி.

அந்தக் கமா அச்சுப்பிழை இல்லை. அங்கே கமாவும் புள்ளியும் நம்மோடு இடம் மாற்றிக்கொள்ளும். 1,2 என்றால் ஒன்று புள்ளி இரண்டு. அவர்கள் 1.200 என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூறு. விலைப்பட்டியல் அனுப்பும்போது இதில் கவனம். நீங்கள் டன்னுக்கு இன்ன விலை என்று மூன்று தசமம் போட்டு அனுப்பினால் அந்த ஊர்க் கண்ணுக்கு அது ஆயிரக்கணக்காகத் தெரியும்.

மனப்பாடம் செய்ய ஆபீசில் நான் புதுப் பையன்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, ட்ரில்லியன் லட்சம் கோடி. பத்து, நூறு, லட்சம். எக்செல்லில் கமா நம் மாதிரி விழவேண்டும் என்றால் கணினியின் வட்டார அமைப்பை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிவிடுங்கள். அதை மாற்றாமல் பூஜ்யத்தை விரலால் எண்ணிக்கொண்டு இருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.


திருமங்கலம் வாத்தியார்

கணக்கன் தம்பிக்கு. நான் 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு ஆடிட்டர் ஆபீஸ் தம்பி பதில் சொல்லிவிட்டார். மற்ற இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாப்பாவிடம் "இரண்டும் சரி" என்று சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்வாள். எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு கோடி, மூச்சு. முப்பத்து நான்கு லட்சம், மூச்சு. ஐம்பத்தாறாயிரம், மூச்சு. எழுநூற்று எண்பத்தொன்பது. மூச்சு விட்ட இடத்தில் கமா. பிறகு அதே எண்ணை ஆங்கிலத்தில் படிக்கட்டும்: நூற்று இருபத்து மூன்று மில்லியன், மூச்சு, நானூற்று ஐம்பத்தாறாயிரம், மூச்சு. ஆங்கிலத்தில் ஆயிரம் மடங்குக்கு ஒரு முறைதான் புதுப் பெயர் வரும். நமக்கு ஆயிரம் தாண்டிவிட்டால் நூறு மடங்குக்கு ஒரு பெயர். கமா பெயரின் பின்னால் போகிறது. என் வகுப்பில் இதைப் பையன்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லவைத்திருக்கிறேன். மூச்சு விட மறந்தவன் பெஞ்சு மேல் ஏறவேண்டும்.

இப்போது இந்த பில்லியன் குழப்பம். இதில் ஜெர்மன்காரர்கள் மேல் தப்பு இல்லை. 1484இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் எண்களுக்குப் பெயர் வைத்தபோது, பில்லியன் என்றால் மில்லியனை மில்லியனால் பெருக்கியது, ட்ரில்லியன் என்றால் மூன்று முறை பெருக்கியது என்று வைத்தார். பை என்றால் இரண்டு, ட்ரை என்றால் மூன்று. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். ஜெர்மனி இன்றும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மில்லியனுக்கும் பில்லியனுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் மில்லியார்டே.

பின்னால் பிரான்ஸிலேயே ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்று சொல்லும் வழக்கம் வந்தது. அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸோ 1961இல் அதிகாரபூர்வமாகப் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. இங்கிலாந்து ரொம்ப நாள் பழைய கணக்கில் இருந்துவிட்டு, 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன் நாடாளுமன்றத்தில் இனி அரசின் புள்ளிவிவரங்களில் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன்தான் என்று சொன்னபிறகு அமெரிக்கா பக்கம் சாய்ந்தது. அதனால் அதற்கு முந்தைய ஆங்கிலப் புத்தகத்தில் பில்லியன் என்று கண்டால், எழுதினவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசிய மொழியில் இன்னும் வேடிக்கை. பிரேசிலில் பில்லியன் 100 கோடி, போர்ச்சுகலில் லட்சம் கோடி. ஒரே மொழி!

வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் இப்படி என்று சிரிக்கவேண்டாம். நம் சொற்களும் ஊர் சுற்றி உருமாறி இருக்கின்றன. என் அப்பாவைப் பெற்ற ஆத்தா ரங்கூனில் இருந்து நடந்து வந்தவர். பர்மாவில் லட்சத்துக்குத் "தெய்ன்" என்று ஒரு சொல் உண்டு, பத்து லட்சத்துக்குத் தனிச் சொல்லே உண்டு. ஆத்தா கடைசிவரை வீட்டு விலை, நில விலை எல்லாம் தெய்ன் கணக்கில்தான் சொல்லும். தெய்னும் லட்சமும் ஒன்று என்பதால் வீட்டில் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஆனால் மலாய்க்காரர்களிடம் போன நம் சொற்களைப் பாருங்கள். அங்கே "லக்ச" என்றால் பழைய கணக்கில் பத்தாயிரம். "கெத்தி" என்றால் லட்சம். அந்தக் கெத்தி வேறு எதுவும் இல்லை, நம் கோடிதான். கப்பலில் ஏறும்போது கோடியாக ஏறி, இறங்கும்போது லட்சமாக இறங்கியிருக்கிறது. பாரசீகத்திலும் அதே கதை. அங்கே "குரூர்" என்றால் ஐந்து லட்சம். 1828இல் ரஷ்யாவிடம் தோற்ற ஈரான் பத்துக் குரூர் தோமான் (அந்த ஊர் நாணயம்) போர் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று ஒப்பந்தம் ஆனது. நம் ஊர்க் காதுக்குப் பத்துக் கோடி. அவர்கள் கட்டவேண்டியிருந்தது ஐம்பது லட்சம்.

நம் நாட்டுக்குள்ளேயே அற்புதம் என்ற எண் இருக்கிறது, வடமொழியில் அர்புதம். யஜுர் வேதப் பட்டியலில் அது ஒரு கோடி. ஆரியபட்டர் காலத்தில் பத்துக் கோடி. இந்திக்காரர்கள் அரப் என்று சொல்வது அதன் பேரன்தான், அது நூறு கோடி. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பூஜ்யம் சேர்ந்தமாதிரி. பரார்த்தம் என்று வாட்ஸ்அப் பட்டியலில் வந்திருக்குமே, அது வேதத்தில் லட்சம் கோடி, பாஸ்கராச்சாரியாரிடம் அதைப்போல லட்சம் மடங்கு.

இதில் கோடி என்ற சொல்லை நினைத்தால் எனக்கு எப்போதும் தெருக்கோடிதான் ஞாபகம் வரும். வடமொழியிலும் கோடி என்றால் வில்லின் நுனி, முனை. எண்ணிக்கொண்டே போனவன் இதற்குமேல் தெரு இல்லை என்று நின்ற இடம். நமக்கும் பேச்சில் அங்கேதான் தெரு முடிகிறது. அதற்குமேல் போகவேண்டும் என்றால் திரும்பி வந்து ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று பழைய பெயர்களையே மேலே ஏற்றுகிறோம்.

வாட்ஸ்அப் பட்டியலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். பேரன் போனைக் கேட்கிறான்.


வைகைத் தமிழன்

வாத்தியார் ஐயா சொல்வது வருத்தமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் மில்லியன் கண்டுபிடிப்பதற்கு முன்பே தமிழன் மகாயுகம் வரை எண்ணிவிட்டான். கோடிக்கு மேலே பெயர் இல்லை என்று சொல்வது நம்மை நாமே தாழ்த்திக்கொள்வது. அந்தப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புங்கள்.


நல்லூர் மருமகள்

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மதுரைக்கு வந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஊர்த் தமிழ்ப் பேப்பரில் மில்லியன், பில்லியன் என்றுதான் போடுவார்கள். பத்து லட்சம் வந்தவுடன் அது ஒரு மில்லியன் ஆகிவிடும். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையும் ஒரு மில்லியன் வெள்ளி (டாலர்) என்றுதான் கதைப்பாள். தமிழ் ஒன்றுதான், எண்தான் கடல் தாண்டினால் மாறுகிறது.

இங்கே வந்த புதிதில் வங்கிப் படிவத்தில் எங்கள் பழக்கத்தில் மூன்று மூன்றாகக் கமா போட்டு எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் பேனா முனையால் பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "அக்கா, எழுத்தால் எழுதிக் கொடுங்க" என்றார். அதற்குப் பிறகு எழுத்தால்தான் எழுதுகிறேன். ஆனால் அதிலும் இலட்சம் என்று இகரம் போட்டு எழுதுவதை விடவில்லை.

இதைவிட மோசம் இங்கத்தைய புரோக்கர்கள். காணி பார்க்கப் போனபோது ஒருவர் "இருபத்தைந்து ரூபா சொல்றாங்க, இருபத்திரண்டுக்கு முடிச்சுடலாம்" என்றார். நான் ஒரு சதுர அடிக்கு இருபத்தைந்து ரூபாய் என்று நினைத்து, இவ்வளவு மலிவா, ஏதோ வழக்கு இருக்கிற காணி போல என்று பயந்து என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். ரூபாய் என்றால் லட்சம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் ஜெர்மன்காரராவது எம்ஆர்டி என்று மூன்று எழுத்துப் போட்டிருக்கிறார்.


ஒசாகா ரிட்டர்ன்

நல்லூர் அக்கா, புரோக்கர் கணக்கு சூப்பர்.

நான் நாலு வருடம் ஜப்பானில் இருந்தேன். அங்கே பத்தாயிரத்துக்கு ஒரு பெயர், "மான்". அப்புறம் பத்தாயிரம் மடங்கு தாண்டினால்தான் அடுத்த பெயர், "ஓக்கு". அது பத்துக் கோடி. சம்பளம் மூன்று லட்சம் யென் என்றால் முப்பது மான் என்பார்கள். முதல் சம்பளப் பேச்சில் முப்பது என்று காதில் விழுந்ததும் முப்பதாயிரம் என்று கேட்டு முகம் வாடிப்போனேன். எதிரில் இருந்தவர் நான் சம்பளம் போதாது என்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால் பெயர் நான்கு இலக்கத்துக்கு ஒரு முறை மாறுகிறது, ஆனால் கமாவை ஆங்கிலத்தைப் பார்த்து மூன்று இலக்கத்துக்கு ஒன்று போடுகிறார்கள். வாத்தியாரின் மூச்சுக் கணக்கு அங்கே வேலைக்கு ஆகாது. பெரிய எண்ணைப் பார்த்தால் என்னோடு வேலை பார்த்த ஜப்பான்காரர்களே வலது பக்கத்தில் இருந்து விரல் வைத்து எண்ணுவார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.


திருமங்கலம் வாத்தியார்

ஒசாகா தம்பி, நல்ல சேதி. நான் வகுப்பில் இருந்தபோது தெரிந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியதற்கு இன்னும் நாலு காரணம் கிடைத்திருக்கும்.

வைகைத் தமிழன், கோபம் வேண்டாம். பேச்சில் கோடியோடு நிற்கிறோம் என்றுதான் சொன்னேன். பழந்தமிழில் அதற்குமேல் பெயர் உண்டு, அதுவும் உங்கள் பட்டியலைவிட அழகான பெயர்கள். தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்திலேயே ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்கு விதி இருக்கிறது. உரைக்காரர்கள் அதற்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உதாரணம் தருகிறார்கள். பரிபாடலில் திருமாலைப் பாடும் இடத்தில் ஊழிக் காலத்தின் நீளத்தைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று வரிசையாக எண்கள் வருகின்றன. அதே பரிபாடல்தான் நம் வைகையையும் திருப்பரங்குன்றத்தையும் பாடியது. பாதிக்கு மேல் குளத்துப் பூ. வானர சேனைக்குக் கம்பர் எழுபது வெள்ளம் என்று கணக்குச் சொல்கிறார். ஆற்றில் வெள்ளம் வரும்போது கரையில் நின்று பார்த்தவன்தான் ஒரு எண்ணுக்கு அந்தப் பெயரை வைத்திருப்பான் என்று எனக்குப் படும். இது என் ஊகம், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் பட்டியலில் அந்த வெள்ளத்தை "வெல்லம்" என்று அடித்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் போடுவது! எத்தனை பேர் கை மாறியும் யாரும் திருத்தவில்லை. அப்புறம் அதில் முக்கோடி என்று ஒன்று, பரார்த்தத்துக்கும் பூரியத்துக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. முக்கோடி என்றால் மூன்று கோடி என்றுதானே தமிழ்க் காது சொல்கிறது? எனக்கு வந்த இரண்டு பட்டியல்களில் சங்கத்துக்கு இரண்டு மதிப்பு. இதை எல்லாம் கேட்காமல் பெருமைப்பட்டால், கணக்கன் தம்பி எம்ஆர்டியை மில்லியன் என்று எடுத்தமாதிரிதான் ஆகும். (தம்பி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

சரியாகச் சொன்னால், அந்தப் பெயர்கள் இருந்தன, பாட்டில் வாழ்ந்தன. சந்தையில் ஆம்பல் ரூபாய்க்கு யாரும் சரக்கு வாங்கவில்லை. சந்தையில் நாம் கெட்டிக்காரத்தனம் காட்டியது கீழ்ப்பக்கம். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. என் அப்பா மாகாணி வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார். நெல்லும் எண்ணெயும் அளக்கிறவனுக்கு எது தேவையோ அதற்குப் பெயர் நிலைத்தது.

இன்னொன்று. ஆயிரமாயிரம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோமே, பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சம். மில்லியன் என்ற சொல்லும் இத்தாலிய மொழியில் "பெரிய ஆயிரம்" என்பதுதான். வாயில் ஒரு மில்லியனை வைத்துக்கொண்டே நாம் கடன் வாங்கியிருக்கிறோம்.


வைகைத் தமிழன்

வெல்லம் விஷயம் உண்மைதான் ஐயா, இப்போதுதான் பார்த்தேன். எங்கள் குடும்பக் குழுவில் போட்டதை அழித்துவிட்டேன். பெரியப்பா மட்டும் அதற்குள் நாலு இடத்தில் அனுப்பிவிட்டார்.


வாடிப்பட்டி கணக்கன்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் மில்லுக்குப் போனதும் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். விற்பனை 12 லட்சம் இல்லை, 120 கோடி யூரோ, நம் பணத்தில் சுமார் 10,800 கோடி ரூபாய் என்றேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பத்தாயிரம் கோடிக்காரன்கிட்டயா முழுப் பணத்தையும் முன்னாடியே கொண்டா-னு எழுதினே?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி விடு, கேட்டதும் நல்லதுக்குத்தான். சின்னவன் பணம் இல்லைன்னு இழுப்பான், பெரியவன் ஆபீஸ் நடைமுறைன்னு இழுப்பான்" என்றார். இப்போது முன்பணம் கொஞ்சம், மீதி சரக்குக் கிளம்பியதற்கான தாள்கள் போனபிறகு என்று புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறார். விலையில் கமாவே இல்லாமல், புள்ளியும் இல்லாமல், முழு யூரோவாக எழுதிவிட்டேன். கீழே எழுத்தாலும் எழுதினேன், நல்லூர் அக்காவுக்கு நன்றி.

மகளுக்கு மூச்சுக் கணக்குப் பிடித்துவிட்டது. பெஞ்சு இல்லாததால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு சொல்கிறாள். பூக்கள் பெயரில் எண் இருந்தது என்றதும் ஒரே குதி. "தாமரை இருக்கு, ஆம்பல் இருக்கு, குவளை இருக்கு. அப்போ மல்லிகைன்னா எத்தனை?" என்று கேட்கிறாள். மதுரைக்காரப் பிள்ளை, விடமாட்டாள். வாத்தியார் ஐயாதான் பதில் சொல்லவேண்டும்.


திருமங்கலம் வாத்தியார்

மல்லிகை அந்தப் பட்டியலில் இல்லை என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். அதற்கு எத்தனை என்று மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தினமும் விடியற்காலையில்தான் சொல்வார்கள். முகூர்த்த நாள் என்றால் ஒரு பூஜ்யம் கூடும்.